டிசம்பர்ல போறீங்கன்னா மண்டபம் போங்க தம்பி

கடலோர மக்கள் பற்றிய களப்பணிக்கு மதுரையிலிருந்து டிசம்பர்ல ரெண்டு நாள் தனுஷ்கோடி போனா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது தம்பி. 1964 புயல்ல இடிஞ்ச தேவாலயத்தைப் பார்க்கலாம், கூட்டம் பெரும்பாலும் சுற்றுலாக் கூட்டம்தான்.

ராமேஸ்வரத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம் ஊர்ல தங்குங்க. அங்க வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவங்க வாயில வடகடல், தென்கடல். டிசம்பர்ல வாடைக்காத்து அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரங்க பலர் படகையே தென்கடல் பக்கம் மாத்திடுவாங்க. உங்க ஆய்வுக்கு உயிரே இதுதான்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில கரை திரும்பும். அதனால திங்கள் ராத்திரியே மாட்டுத்தாவணியில ராமேஸ்வரம் பஸ் ஏறிடுங்க, செவ்வாய் விடியக்காலை மீன் இறங்குறதைப் பார்க்கலாம்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களை விட்டுடாதீங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறவங்க. 1986-ல மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதுலேருந்து அவங்க பிழைப்பே சிக்கல்ல இருக்கு. கேள்வித்தாளை நீட்டாதீங்க, அவங்க பாசி உலர்த்தும்போது பக்கத்துல உக்காருங்க, அவங்களே பேசுவாங்க.