பல வருடம் கழித்து மாடல் விமானம் கட்டத் திரும்புகிறேன். பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய கிட்டிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். அந்தக் கிட்டை மூன்றாவதாகத் தொடுங்கள், முதலில் தொடாதீர்கள்.

நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இரண்டே வரி. படிக்கும் காலத்தில் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டினீர்கள், நடுவில் விட்டுப்போனது, இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது, பிரிக்காத கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டி) ஒன்று கையில் இருக்கிறது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியை நீங்களே கையில் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். அலமாரியில் அதன் மேல் யாரும் எதையும் வைக்க விட்டிருக்க மாட்டீர்கள். எப்போதாவது இரவில் திறந்து, பாகங்களைப் பையிலிருந்து எடுக்காமலே பார்த்துவிட்டு மூடியிருப்பீர்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் பத்தொன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன்.

என் பெட்டியில் இருந்தது பி-38 லைட்னிங், இரண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்கப் போர் விமானம். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இரண்டு என்ஜின், இரண்டு வால்தண்டு, நடுவில் விமானிக்கு மட்டும் ஒரு குட்டி உடல். 1943 ஏப்ரல் 18 அன்று ஜப்பானியத் தளபதி யமமோட்டோ போன விமானத்தை நடுவானில் மடக்கி வீழ்த்தியது இந்த ரக விமானங்கள்தான். அதை எங்கோ படித்துவிட்டு, கட்டினால் இதைக் கட்ட வேண்டும் என்று வாங்கினேன். வாங்கியதும் பயம் வந்துவிட்டது. கை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளி வைத்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. கை தேறவில்லை, இருந்த பழக்கமும் போயிற்று.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு நீண்ட விடுமுறையில் அதைப் பிரித்தேன். அந்தப் பழைய தவறைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் படங்கள். பெட்டிக்குள் தாள் அழகாகத்தான் இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். பி-38க்கு இறக்கையிலும் வால்தண்டுகளிலும் வெள்ளை நட்சத்திரம் வரும். ஒரு நட்சத்திரத்தை வெட்டி, தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. சரி, நனைந்திருக்கும் என்று தூரிகை நுனியால் லேசாகத் தள்ளினேன். தாளை விட்டு நகர்ந்தது, நகர்ந்த வேகத்திலேயே உடைந்தது. காய்ந்த குளத்து மண் வெடிப்பு போல. பதினொரு துண்டுகள் தண்ணீரில் மிதந்தன. எண்ணினேன், அதைத் தவிர வேறு என்ன செய்வது? இதற்கு வைத்தியம் இருக்கிறது. வெட்டும் முன்பே டிகால் தாள் முழுவதும் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டால், உடையப்போகிற படலத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்ட வேண்டும். மஞ்சள் ஏறிய தாளை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். இதெல்லாம் எனக்குப் பதினொரு துண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. தேவைப்படாத ஒரு சின்ன எழுத்தை முதலில் நனைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

அடுத்தது பெயின்ட். பழைய எனாமல் டப்பாக்களையும் விடாமல் வைத்திருந்தேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தால் மேலே ரப்பர் அடை மாதிரி ஒன்று, அதைக் கிழித்தால் அடியில் பெயின்ட் உயிரோடு இருந்தது. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் குப்பிகள் கல்லாகியிருந்தன. எனாமல் பிழைத்ததில் ஒரு பெருமை வேறு எனக்கு. அந்தப் பெருமையில் அதையே அடித்து, மூன்று நாள் பிசுபிசுப்பு போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது. பி-38 மூக்குச் சக்கரம் உள்ள விமானம். வாலில் சக்கரம் கிடையாது. பின்னால் அவ்வளவு நீளத்துக்கு இரண்டு தண்டு போவதால் மாடலில் எடை முழுக்கப் பின்பக்கம் விழும். மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் நிற்காது. விளக்கத் தாளில் மூக்குப் படத்துக்குள் ஒரு சின்னக் கருப்பு உருண்டை வரைந்து, பக்கத்தில் இத்தனை கிராம் என்று போட்டிருந்தது. இருபது வயதில் அதைப் பார்த்தவுடன் புரிந்திருக்கும். நாற்பத்திரண்டு வயதில் அது அச்சுக் கறை என்று நினைத்துவிட்டேன். எல்லாம் ஒட்டி, பெயின்ட் அடித்து, சக்கரம் மாட்டி மேசையில் வைத்தேன். ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக, நாய் உட்காருவது போல, வாலைத் தரையில் வைத்து மூக்கைத் தூக்கியது. பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, உக்காந்துடுச்சு" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். அதுதான் வலித்தது.

மூக்குச் சக்கரக் குழியில் துளை போட்டு, தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, சூப்பர் க்ளூ ஊற்றி மூடினேன். நின்றது. ஆனால் அந்தப் பசையின் ஆவி உள்ளேயே சுற்றி, கேனபியின், அதாவது விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூட்டின், உள்பக்கம் பனி படர்ந்தாற்போல வெளுத்துவிட்டது. வெளிப்பக்கம் என்றால் தேய்த்து எடுக்கலாம், உள்பக்கத்தை எதைக்கொண்டு தேய்ப்பது? என் விமானி இன்றுவரை மூடுபனியில்தான் பறக்கிறான்.

இத்தனைக்கும் காரணம், அந்தக் கருப்பு உருண்டையை அச்சுக் கறை என்று பார்த்த என் கண்தான். எடை வைக்காதது கையின் பிழை, கண்ணை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். ஏனென்றால் திரும்பி வருகிற எல்லோரும் கிட், பசை, பெயின்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் என்று விசாரிக்கிறார்கள், கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும். முன்பு மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்த பாகத்தை இப்போது கை நீட்டும் தூரத்தில் பிடித்தால்தான் தெரியும், அந்தத் தூரத்தில் அது கடுகு.

இங்கே என் ஆற்றாமையைக் கொட்டிவிடுகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கண்ணாடிக் கடையில் எனக்கு புரோகிரெஸிவ் லென்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் இடைப்பட்டது. கண் பரிசோதனைக்கு ஏழு நிமிடம், ஃப்ரேம் காட்ட ஒரு மணி நேரம். எந்தத் தூரத்தில் வைத்து வேலை செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தால், பாகம் தெளிவாகத் தெரிய லென்ஸின் அடிப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். அதற்குத் தாடையைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். அரை மணியில் பிடரி இறுகிவிடும். திரும்பப் போய்ச் சொன்னால், "பழகிடும் சார்" என்றார்கள். என்ன பழகுவது? என் கழுத்தா? கடைசியில் கிட்டத்துக்கென்று சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்றும், தலையில் மாட்டும் உருப்பெருக்கி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். ப்ளஸ் நாலு பவர் என்றால் ஏறக்குறைய இருபத்தைந்து சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும், ப்ளஸ் இரண்டு என்றால் ஐம்பது. இந்த ஒரு கணக்கை அந்தக் கடையில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஏர்பிரஷுக்குச் செலவழிக்கும் முன் இதற்கும் ஒரு நல்ல விளக்குக்கும் செலவழியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் கிட்டாக எதை வாங்குவது?

ஒரே என்ஜின், வால் சக்கரம், குறைந்த பாகங்கள், சமீபத்திய அச்சு (பாகங்களை வார்க்கும் வார்ப்பு அச்சு). வால் சக்கர விமானம் இயல்பாகவே பின்னால் சாய்ந்துதான் நிற்கும், எடைப் பிரச்சினையே வராது. 1/72 என்பது ஆறடி ஆளை ஓர் அங்குலமாக்கும் அளவு. என் பி-38கூட அதில் இறக்கைக்கு இறக்கை ஒரு சாண்தான் வரும். 1/48 கண்ணுக்கு இதம், ஆனால் அதே விமானம் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும், வைக்க இடம் பாருங்கள். நான் இரண்டாவதாகக் கட்டியது ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் 1/72 ஜீரோ, அந்தப் போர்க்கால ஜப்பானியப் போர் விமானம். பாகங்கள் பசை இல்லாமலே கவ்விக்கொண்டு நின்றன, எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. நாங்கள் அந்தக் காலத்தில் புட்டி போட்டுப் போட்டு உப்புத்தாளில் தேய்த்ததெல்லாம் எதற்கு? மேலே பச்சை, அடியில் சாம்பல், இரண்டே நிறம். ஒரே தொல்லை, கேனபியில் சட்டங்கள் நிறைய. கண்ணாடியில் பெயின்ட் படாமல் மறைக்க, கத்தரித்தே வரும் மாஸ்க் கிடைக்கிறது, சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பெட்டியின் பளபளப்பை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ், பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்குத் தன் முதல் கிட்டை விட்டது 1950-களில். அதன் பிறகு அதே விமானத்துக்குப் பல முறை புது அச்சு வெட்டியிருக்கிறார்கள். பல நிறுவனங்கள் பழைய அச்சில் வார்த்த கிட்டையே புதுப் படம் போட்ட பெட்டியில் மறுபடி மறுபடி விடுவதும் உண்டு. விமான உடலில் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு, பள்ளமாக ஓடினால் பெரும்பாலும் பின்னால் வந்தது. துருத்திய கோடுகளின் கஷ்டம் என்னவென்றால், இணைப்பைத் தேய்க்கும்போது அவையும் சேர்ந்து போய்விடும்.

பசையும் மாறிவிட்டது. நாங்கள் ட்யூபிலிருந்து பிதுக்கினோம், நூல் நூலாக இழுக்கும், கண்ட இடத்தில் ஒட்டும். இப்போது தண்ணீர் போன்ற மெல்லிய பசை, சிமெண்ட் என்பார்கள், குப்பியில், மூடியிலேயே தூரிகையோடு வருகிறது. முதலில் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, கோட்டில் ஓர் இடத்தில் தூரிகையைத் தொட்டால் போதும், பசை தானாக இடுக்கில் ஓடிவிடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குவது, வெல்டிங் மாதிரி. ஆனால் நீங்கள் பிடித்திருக்கும் விரல் கோட்டின் மேல் இருந்தால், விரலுக்கு அடியிலும் ஓடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி நல்லதல்ல.

ஏர்பிரஷ் இல்லாமல் கட்டுவது மாடலே இல்லை என்று சொல்கிறவர்கள் வருவார்கள். வரட்டும். அக்ரிலிக்கை நீர்க்கக் கலந்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று பூச்சு தூரிகையால் அடித்தால், ஒரு சாண் விமானத்தில் கோடு தெரியாது. ஏர்பிரஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என்னிடமே இருக்கிறது. முதல் மாதமே அதைக் கழுவித் துடைக்கும் வேலையையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். அதே ஆட்கள் ஆலிவ் பச்சையின் சாயல் சரியில்லை என்றும் சொல்வார்கள். வெயிலில் நின்ற நிஜ விமானங்களே ஒன்று போல் வெளுக்கவில்லை, யார் எதை வைத்து அளந்தார்கள்?

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் பி-38ன் இரண்டு ப்ரொபெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை, அதனால் கிட்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். நான் மாற்றி ஒட்டிவிட்டேன். ஒரு நண்பர் பார்த்த முதல் நிமிடத்திலேயே சொன்னார். அவர் போனபிறகு அவரை மனதுக்குள் திட்டினேன், அப்புறம் படத்தைப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

இதெல்லாம் இருந்தும் அதைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் ஜீரோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, தனியாக வாங்கிய டிகால் நட்சத்திரங்களோடு. இடது இறக்கையின் மேல்பக்கம், என்ஜினுக்குப் பின்னால், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு கட்டைவிரல் ரேகை பெயின்டுக்கு அடியில் தெரியும். மெல்லிய சிமெண்ட் என் விரலுக்கு அடியில் ஓடிய இடம். தேய்த்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். உங்கள் பெட்டியில் என்ன விமானம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?