உள்ளூர் எழுத்தாளருக்கு ஒரு விருது – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் நண்பர்கள் சேர்ந்து இலக்கிய வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு கூட்டம். வட்டத்தில் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள். வெளியீட்டு விழா அன்று ஐம்பது அறுபது பிரதி போகும். மீதி பரணில் கிடக்கிறது. எங்கேயும் ஒரு மதிப்புரை வருவதில்லை. நம் பகுதி எழுத்தாளர்களை நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரு விருது தரத் திட்டமிட்டிருக்கிறோம். வட்டத்திலேயே ஒரு நண்பர், ‘ஊர்ப் பாசத்தில் சுமாரான எழுத்தையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடப் போகிறீர்களா?’ என்று கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஜனவரிக் கூட்டத்துக்கு நீங்கள் வரவும் வேண்டும்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரை வட்டத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்க ஒருவராவது வேண்டும். அதற்காக ஊர்ப் பாசமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர் எழுதியது என்பதற்காக ஒரு புத்தகத்தை முதல் ஆளாக வாங்கலாம், முதல் ஆளாகப் படிக்கலாம். படித்து முடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது மட்டும் பாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

நம் பக்கத்து வெளியீட்டு விழா எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அழைப்பிதழில் பதினாலு பேர் பெயர். தலைமை, முன்னிலை, வரவேற்பு, தொகுப்பு, வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டு முடிக்கவே முக்கால் மணி நேரம். நூலைப் பற்றிப் பேச வேண்டியவர் கையில் அன்று மதியம்தான் புத்தகம் கிடைத்திருக்கும். பின்னட்டையை ஒரு முறை வாசித்துவிட்டு, எழுதியவரின் அப்பா எவ்வளவு நல்ல வாத்தியார் என்று பேசி இறங்குவார். கடைசியில் ‘நேரமின்மை காரணமாக’ நூலாசிரியரின் ஏற்புரைக்கு ஐந்து நிமிடம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும் கதையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்குள்ளே ஓடுவது மொய்க்கணக்கு. இன்று நான் உன் புத்தகத்தைப் புகழ்கிறேன், அடுத்த மாதம் நீ என் புத்தகத்துக்குத் திருப்பிச் செய். இந்த நோட்டில் பேர் ஏற ஏற எழுத்து அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்து வருடமாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருக்கும் நல்ல திறமைசாலிகளை எனக்குத் தெரியும். அவர்களை யாரும் அமுக்கவில்லை, சுற்றியிருந்தவர்கள் அன்போடு தடவிக் கொடுத்தே அப்படி ஆக்கிவிட்டார்கள்.

உங்கள் மண்ணிலேயே வேறு விதமான முன்மாதிரி இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் 1923ஆம் ஆண்டு சில நாள் இடைவெளியில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஒரே ஊர், ஒரே வயது. அழகிரிசாமி முன்னதாகவே எழுத்துக்கு வந்து பெயர் வாங்கிவிட்டார். கி.ரா.வின் ‘மாயமான்’ கதை 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அந்த நட்பில் கடிதமும் வாசிப்பும் பேச்சும் எவ்வளவு நிறைந்திருந்தன என்பதை அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம். இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ஒருவருக்கு 1970இல், இறந்த பிறகு, மற்றவருக்கு 1991இல். ஒரு சின்னக் கிராமத்துக்கு இது சாதாரண விஷயமில்லை.

பேர் வந்த பிறகு கி.ரா. என்ன செய்தார் என்பதுதான் உங்கள் வட்டத்துக்கு முக்கியம். தன் பகுதியான கரிசல் பூமியில் எழுதுகிறவர்களின் கதைகளைத் தேடிச் சேர்த்து ‘கரிசல் கதைகள்’ என்று தொகுத்தார். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டார். நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். பின்னால் வந்தவர்களுக்கு நிற்க ஒரு தரை கிடைத்தது. பூமணிக்கு 2014இல், சோ. தர்மனுக்கு 2019இல் என்று சாகித்திய அகாதெமி திரும்பத் திரும்பக் கரிசலுக்கு வந்ததற்கு அவரவர் எழுத்துத்தான் காரணம். ஆனால் கரிசல் என்று சொன்னவுடன் வெளியூர் வாசகன் நிமிர்ந்து உட்கார்ந்ததில் அந்தத் தொகுப்பு வேலைக்கும் பங்கு உண்டு.

அதனால், விருதைத் தள்ளிப் போடுங்கள். அந்தப் பணத்தில் உங்கள் வட்டாரத்தில் முப்பது நாற்பது வருடமாக எழுதியவர்களின் நல்ல கதைகளைப் பொறுக்கி ஒரு தொகுப்பு போடுங்கள். பொறுக்குகிற வேலையை உங்களைக் கேள்வி கேட்ட அந்த நண்பரிடமே கொடுங்கள். சண்டை வரும். வரட்டும். பட்டியலை முடிக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: அதில் பெண்கள் எத்தனை பேர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள் யாராவது இருக்கிறார்களா, காலனியில் இருந்து எழுதுகிறவரை உங்கள் கூட்டத்துக்கு எப்போதாவது கூப்பிட்டீர்களா? வட்டாரம் என்ற பெயரில் சாதிக்காரர் வட்டம் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பேசாமல் உள்ளூர் எழுத்தை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

மாதக் கூட்டத்தை வாசிப்புக் கூட்டமாக மாற்றுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே புத்தகத்தைச் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு வர வேண்டும். எழுதியவர் கடைசி வரை பேசக்கூடாது. இது கஷ்டம்தான், ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. இப்படி ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். கதையில் கார்த்திகை மாதம் மழை தூறிக்கொண்டிருக்க நாயகி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வர்ணனை அழகாக இருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டிவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு சம்சாரி, நம் பக்கத்து விவசாயி, எழுந்து, “தம்பி, நம்ம மானாவாரிக் காட்டுல கார்த்திகையில களைதான் எடுப்போம். பருத்தி எடுப்பு மாசி பங்குனிக்கில்லா வரும்? மழையில நனைஞ்ச பருத்தியை எந்த யாவாரி வாங்குவான்?” என்றார். கூட்டம் சிரித்தது. எழுதியவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் கதையைத் திருத்தி எழுதினார், அந்த மழையையே எடுத்துவிட்டார், கதையும் தேறிவிட்டது. எந்தப் பெரிய விமர்சகராலும் அவருக்கு அந்தத் தகவலைக் கொடுத்திருக்க முடியாது. உள்ளூர் வாசகர் கையில் மட்டும் இருக்கிற சரக்கு அது.

பரணில் கிடக்கும் பிரதிகள் விஷயத்துக்கு வருகிறேன். முன்னூறு ஐந்நூறு என்று மொத்தமாக அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். இப்போது ஐம்பது பிரதி அச்சிட்டு, தேவைப்பட்டால் மறுபடி அடிக்க முடிகிறது. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர் சட்டப்படி பதிப்பாளரும்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் செலவைப் பார்த்து யாரும் அனுப்புவதில்லை. ஆனால் இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒரு ஆய்வு மாணவி தேடும்போது அந்தப் புத்தகம் கையில் கிடைப்பதற்கு இதைவிட உறுதியான வழி இல்லை. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை நம் நாட்டில் இலவசமாகவே தருகிறார்கள். அதற்கும் பணம் கேட்கும் ஆட்களிடம் ஏமாற வேண்டாம். பொது நூலகத் துறை நூல் கொள்முதலுக்கு விண்ணப்பம் கேட்கும்போது கவனித்துப் போடுங்கள், எடுத்தாலும் எடுப்பார்கள். இந்தக் காகித வேலைகளைச் செய்ய வட்டத்தில் ஒருவரை நியமியுங்கள். எழுத்தாளர்களுக்கு இது வராது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த சேகரிப்புத்தான் இன்றைக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகம். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் வந்த புத்தகம், கையெழுத்துப் பத்திரிகை, சிற்றிதழ் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வாங்கி உள்ளூர் நூலகத்தில் ஒரு அலமாரி கேட்டு வையுங்கள். இறந்துபோன எழுத்தாளர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். பழைய பேப்பர் கடைக்காரர் நமக்கு முன்னால் போய்விடுவார்.

விற்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ‘எழுத்து’ சிற்றிதழ் நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்போது உள்ளூர் எழுத்தாளர்களுக்கு ஒரு அரங்கு கேளுங்கள். கிடைத்தால் தினம் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேச வேண்டும். ஓசிப் பிரதி மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஓசியில் வாங்கியதை நம் ஆட்கள் படிப்பதில்லை.

மதிப்புரை வரவில்லை என்ற வருத்தம் நியாயம்தான். அதை முதலில் நீங்கள் எழுதுங்கள். குறையும் சொல்லி எழுதினால் வெளியூர்க்காரர் நம்பிப் படிப்பார்.

ஜனவரிக்கு வருகிறேன். மேடை வேண்டாம், சால்வையும் வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். எந்தப் புத்தகம் என்று முடிவுசெய்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஒரு பிரதி அனுப்புங்கள், விலையையும் பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சம்சாரி மாதிரி நாலு பேரை உங்கள் ஊரிலும் தேடிப் பிடித்துக் கூட்டி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி