ஜிஐஎஸ் முதுநிலைப் படிப்பு: சேரலாமா, எங்கே, எதற்காக?

ஜிஐஎஸ் என்றால் புவியியல் தகவல் அமைப்பு, இடம் சார்ந்த தரவை வரைபடமாக்கி ஆராய உதவுவது. அதிலும் அதன் அடிப்படையான புவியியல் தகவல் (ஜிஐ) அறிவியலிலும் முதுநிலை படிப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், செயற்கைக்கோள் படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சின் இரண்டையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். வரைபடம் போடத் தெரியும். இதற்கு மேல் முதுநிலை படிப்பதில் என்ன பயன்?

எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றால் பயன் இல்லை. அதற்குப் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

மருத்துவமனைகள் புள்ளிகளாக இருக்கும் ஒரு லேயர் (வரைபட அடுக்கு) உங்களிடம் இருக்கிறது. அதன் ஆயத்தொலைவு முறை இபிஎஸ்ஜி 4326 (அட்சரேகை, தீர்க்கரேகையால் இடத்தைக் குறிப்பது), அதாவது அலகு பாகை, மீட்டர் அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையைச் சுற்றியும் 500 மீட்டர் பஃபர் (சுற்றுவட்டப் பரப்பு) வேண்டும் என்று 500 என அடித்தால், உலகத்தையே மூடும் வட்டம் வரும். இந்தத் தவறு பரவாயில்லை, கண்ணிலேயே பட்டுவிடும். அடுத்த தவறுதான் ஆபத்தானது. ‘ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர், அப்படியென்றால் 500 மீட்டருக்கு 0.0045 பாகை’ என்று கணக்குப் போட்டு அதை அடிக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது ஏறக்குறைய சரியாக வரும். 60 பாகை அட்சரேகையில் தீர்க்கரேகைகளுக்கு இடையிலான தூரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அங்கே உங்கள் பஃபர் வடக்கு-தெற்காக 500 மீட்டரும் கிழக்கு-மேற்காக 250 மீட்டரும்தான் போகும். அதே ஆயத்தொலைவு முறையில் திரையில் பார்த்தால் அழகான வட்டமாகத் தெரியும். எந்த எச்சரிக்கையும் வராது. ‘மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவர்கள் இத்தனை பேர்’ என்று அறிக்கையும் போய்விடும்.

இன்னொன்று. ஒரே தரவைச் சின்ன வார்டுகளாகத் தொகுத்தால் ஒரு முடிவும், பெரிய மாவட்டங்களாகத் தொகுத்தால் வேறொரு முடிவும் வரலாம். பரப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) மாறுவதைக் கெல்கே, பீல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1934-லேயே காட்டிவிட்டார்கள். இன்றும் எல்லைக்கோட்டைப் பற்றி யோசிக்காமல் வண்ணம் பூசிய வரைபடங்கள் தினமும் வெளியாகின்றன.

மென்பொருள் வாய் திறக்காத இடத்தில் உங்களுக்கு மனம் உறுத்த வேண்டும். நல்ல முதுநிலைப் படிப்பு தருவது அந்த உறுத்தலைத்தான். நீங்களாகவே புத்தகம் படித்தும் அதை வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வேலையை வாராவாரம் கிழித்துப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆசிரியரும் பத்துச் சக மாணவர்களும் இருந்தால் சீக்கிரம் வரும்.

கேள்வி: புவித் தகவலியல், தொலை உணர்வு, ஜிஐ அறிவியல், ஜிஐ அமைப்புகள் என்று பல பெயர்களில் பட்டம் இருக்கிறது. எதை எடுப்பது?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமைப்புகளைப் பயன்படுத்துவது மட்டும் போதாது, அதற்கு அடியில் உள்ள கேள்விகளைத் தனி அறிவியலாகப் படிக்க வேண்டும் என்று புவியியலாளர் மைக்கேல் குட்சைல்ட் 1992-ல் எழுதினார். அதற்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. பாடமும் கூடவே மாறியதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டத்தைத் திறந்து இவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்: இடஞ்சார் புள்ளியியல், இடஞ்சார் தரவுத்தளம், ப்ரொஜெக்ஷனும் (உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை) புவி அளவையியலும், நிரலாக்கம், செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வு. பாடத் தலைப்புகள் பாதிக்கு மேல் மென்பொருள் பெயர்களாகவே இருந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். அப்புறம், அந்தத் துறையில் சமீபத்தில் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டு மூன்றையாவது எடுத்துப் படியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. விளம்பரப் பக்கத்தில் கிடைக்காத உண்மை அங்கே கிடைக்கும்.

கேள்வி: நான் இளநிலையில் வேளாண்மை படித்தவள். புவியியலும் தெரியாது, கணினி அறிவியலும் தெரியாது. எனக்கு இடம் கிடைக்குமா?

பல பல்கலைக்கழகங்கள் வேளாண்மை, கட்டடப் பொறியியல், சூழலியல், பொதுச் சுகாதாரம் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. உங்களுக்குத் தெரிந்ததைக் குறைவாக நினைக்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் பிக்சல் பயிரா, களையா, அறுவடைக்குப் பின் முளைத்த புல்லா என்று கேட்கத் தோன்றுவது வயலைப் பார்த்தவருக்குத்தான். கணினி படித்தவர் முதல் வாரமே நிரல் எழுதிவிடுவார், ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு வர நாளாகும். சேர்வதற்கு முன் பைத்தான் நிரல்மொழியின் அடிப்படையும் தரவுத்தளத்தில் தேடப் பயன்படும் எஸ்கியூஎல் கொஞ்சமும் பழகிக்கொள்ளுங்கள். முதல் பருவம் அவ்வளவு மூச்சுமுட்டாது.

கேள்வி: கணக்கு என்றாலே பயம். எவ்வளவு தேவைப்படும்?

நுண்கணிதத்தில் பெரிய வித்தை தேவையில்லை. புள்ளியியல் தேவை, அதிலிருந்து தப்ப முடியாது. சாதாரணப் புள்ளியியல் முறைகள் பலவும் ஒவ்வோர் அளவீடும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொள்கின்றன. நிலத்தில் அப்படி இல்லை. அருகருகே இருப்பவை தொலைவில் இருப்பவற்றைவிட ஒன்றோடொன்று அதிகம் தொடர்புடையவை என்று புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970-ல் எழுதியது இத்துறையின் முதல் விதியாகவே சொல்லப்படுகிறது. பக்கத்துப் பக்கத்தில் எடுத்த 500 மண் மாதிரிகள், 500 தனித்தனிச் செய்திகளுக்குச் சமம் அல்ல. இதை உணராமல் போட்ட ரெக்ரெஷன் (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் முறை), இருக்க வேண்டியதைவிட அதிக உறுதியோடு பேசும். மோரன் குறியீடு போன்றவை இந்த அருகாமைத் தொடர்பை அளக்கத்தான் இருக்கின்றன. சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, எளிய ரெக்ரெஷன் இவை தெளிவாக இருந்தால் மீதியைப் படிப்பிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: ஆர்க்ஜிஐஎஸ்ஸா, கியூஜிஐஎஸ்ஸா?

இரண்டும் வரைபட மென்பொருள்தான், ஒன்றை ஆழமாகக் கற்றால் மற்றது சீக்கிரம் வரும். கூடவே இடஞ்சார் தரவுத்தளத்துக்கான போஸ்ட்ஜிஐஎஸ் கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் பலரிடம் இல்லாதது.

கேள்வி: வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கலாமா? வெளிநாட்டில் உதவித்தொகையோடு படிக்க வழி உண்டா?

இரண்டும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காகவே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் யூனிஜிஐஎஸ் என்ற கூட்டமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அதில் முக்கியமானது. தொலைநிலைப் படிப்பில் சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒப்படைக்கும் பயிற்சிகளை யாராவது படித்துக் கருத்து எழுதித் தருவார்களா, மதிப்பெண்ணோடு முடிந்துவிடுமா? மதிப்பெண் மட்டும் என்றால் வீடியோவே போதும்.

உதவித்தொகை என்றால் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளைப் பாருங்கள். ஜெர்மனியின் மன்ஸ்டர், போர்ச்சுகலின் லிஸ்பன், ஸ்பெயினின் காஸ்டெயோன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது ஒன்று. சால்ஸ்பர்க் ஒருங்கிணைக்கும் கோபர்னிகஸ் டிஜிட்டல் எர்த் என்ற படிப்பு இன்னொன்று. நெதர்லாந்தில் 1950-ல் வான்வழி அளவைப் பயிற்சிக்காகத் தொடங்கி, இன்று ட்வென்டே பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கும் ஐடிசி நிறுவனமும் உண்டு. உதவித்தொகை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே நம்புங்கள். விண்ணப்பக் கடிதத்தில் ‘சிறு வயதிலிருந்தே வரைபடம் என்றால் பிடிக்கும்’ என்று தொடங்காதீர்கள். நீங்கள் நேரில் பார்த்த ஒரு சிக்கல், அதற்கு எந்தத் தரவு தேவை, எது கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. படித்து முடிக்கும்போது வேலை இருக்குமா?

வெறும் நிரல் எழுதும் வேலை குறையலாம். சரிபார்க்கும் வேலை குறையாது. ஓர் உதாரணம்: இபிஎஸ்ஜி 4326-ன் வரையறைப்படி அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் என்ற வகை இடத்தரவுக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். இயந்திரம் எழுதிய நிரல் இரண்டையும் குழப்பினாலும் ஓடத்தான் செய்யும், புள்ளிகள் மட்டும் வேறெங்கோ விழும். ஆயத்தொலைவு காலியாக இருந்த வரிகளைச் சுழியமாக நிரப்பிவிட்டால், அவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கும். நிரல் ஓடியது என்பதும் விடை சரி என்பதும் வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத் தேவை கூடத்தான் செய்யும்.

கேள்வி: ஆய்வேட்டுக்கு ‘எங்கள் ஊரில் 20 ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்றம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, 2008-லிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. அதனால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தலைப்பு இது. தப்பில்லை, ஆனால் இதில் கேள்வி எங்கே? எதனால், எங்கே, யாருக்கு என்ன ஆனது என்பதில் ஒன்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

குளங்கள் சுருங்கியதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 20 மீட்டர் அகலக் குளம் ஒரு பிக்சலைக்கூட முழுதாக நிரப்பாது, கரை மண்ணோடு கலந்துதான் தெரியும். 10 மீட்டர் துல்லியம் உள்ள ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 கொஞ்சம் உதவும், ஆனால் அது 2015-லிருந்துதான். பழைய படம் மழை முடிந்த மாதத்திலும் புதிய படம் கோடையிலும் எடுத்ததாக இருந்தால், நீங்கள் அளப்பது 20 ஆண்டு மாற்றத்தை அல்ல, பருவத்தை.

அடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். இரண்டு வரைபடங்களும் தனித்தனியே 85 சதவீதம் சரி. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஓர் இடத்தில் இரண்டுமே சரியாக இருக்கும் வாய்ப்பு 0.85 × 0.85, அதாவது சுமார் 72 சதவீதம். இந்த நிலையில் ‘10 சதவீத நிலம் மாறியிருக்கிறது’ என்று நீங்கள் கண்டுபிடித்தால், அது மாற்றமா பிழையா என்று தேர்வாளர் கேட்பார். கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குக் களச் சான்றுகளோ பழைய வான்வழிப் படங்களோ கிடைக்குமா என்று தலைப்பை உறுதி செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் பரப்பைச் சுருக்குங்கள், அல்லது ஆண்டுகளைக் குறையுங்கள்.