8.30 சதவீதம் எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓய்வூதியப் பலன்களாக வந்த பணத்தில் ஐந்து லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வைப்பில் போட எண்ணியிருக்கிறேன். ஒரு கூட்டுறவு வங்கியின் துண்டறிக்கையில் வட்டி 7 சதவீதம் என்றும், அதன் கீழேயே ஆண்டு வருவாய் 8.30 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? கையில் எவ்வளவு வரும்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மன்னார்குடி

பதில்: இரண்டு எண்களும் ஒரே கணக்கிலிருந்து வந்தவைதான், அம்மா. ஆனால் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் அந்த இரண்டுமே அல்ல.

நம் நாட்டு வங்கிகள், முதிர்வில் மொத்தமாக வழங்கும் வைப்புகளுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 1.75 சதவீதம். முதல் காலாண்டில் 8,750 ரூபாய் சேரும். அடுத்த காலாண்டில் 5,08,750 ரூபாய்க்கு வட்டி கணக்கிடப்படுவதால் 8,903 ரூபாய் சேரும். இப்படியே நான்கு காலாண்டுகள் முடியும்போது வட்டி 35,930 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது உண்மையான ஆண்டு வருவாய் 7.19 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு 1.0175 என்ற எண்ணை இருபது முறை பெருக்கினால் 1.41478 கிடைக்கும், அதை ஐந்து லட்சத்தால் பெருக்க, முதிர்வுத் தொகை 7,07,389 ரூபாய். இதுவே தனிவட்டியாக இருந்தால் 6,75,000 ரூபாய்தான் வந்திருக்கும்.

மொத்த வட்டியான 2,07,389 ரூபாயை ஐந்தால் வகுத்து, அதை முதலில் போட்ட அசலின் சதவீதமாகச் சொன்னால் 8.30 வந்துவிடுகிறது. வைப்புக் காலம் நீள நீள இந்தச் சராசரி தானாகவே பெருத்துக்கொண்டு போகும் என்பதால், அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து தருகிறவர்களுக்குச் செய்யும் நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. எந்த வங்கிக்குப் போனாலும், "ஐந்து லட்சம் போட்டால் முதிர்வு நாளில் எத்தனை ரூபாய் தருவீர்கள்?" என்று கேட்டு, அந்தத் தொகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூத்த குடிமக்களுக்குப் பல வங்கிகள் அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன. அது சேர்ந்த விகிதமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வங்கி நொடித்துப்போனால் வைப்புதாரருக்குப் பணம் தரும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அதிகபட்சம் ஐந்து லட்சம் ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல் இந்த வரம்பு நடைமுறையில் உள்ளது. அந்த வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள உங்கள் அசலும் வட்டியும் சேர்ந்துதான் இந்த ஐந்து லட்சம். ஆகவே முழுத் தொகையையும் ஒரே வங்கியில் போட்டால், முதல் காலாண்டு வட்டி சேர்ந்த அன்றே நீங்கள் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். மூன்றரை லட்சம் ஒரு வங்கியிலும் ஒன்றரை லட்சம் வேறொரு வங்கியிலும் போட்டால், பெரிய வைப்பின் முதிர்வுத் தொகையே 4,95,172 ரூபாய்தான். இரண்டும் முழுமையாகக் காப்பீட்டுக்குள் அடங்கும். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புக்கு இல்லை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் இவை இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

வரியைப் பொறுத்தவரை, மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஓராண்டு வட்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். (வட்டியிலிருந்தே வங்கி முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பார்கள், 2025 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக வரியே இல்லை என்று ஆகிவிடாது. பணம் கைக்கு வராவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் சேரும் வட்டியை அந்தந்த ஆண்டு வருமானத்திலேயே காட்டி வருவது நல்லது; ஐந்தாம் ஆண்டில் இரண்டு லட்சத்தையும் ஒருசேரக் காட்டினால் உயர்ந்த வரி விகிதத்துக்குள் போய்விட வாய்ப்புண்டு.

கேள்வி: நானும் ஐந்து லட்சத்தை 7 சதவீதத்துக்குத்தான் போட்டேன். மாத வட்டி 2,917 ரூபாய் வர வேண்டும். 2,900 ரூபாய்தான் வருகிறது. வங்கி தவறு செய்கிறதா?
— மளிகைக் கடைக்காரர், நாமக்கல்

பதில்: தவறு இல்லை. 7 சதவீதம் என்பது காலாண்டு முடிவில் தருவதற்கான விகிதம். உங்களுக்கு அதை முன்கூட்டியே மாதந்தோறும் தருவதால், அந்த முன்பணத்துக்கான தள்ளுபடியாக மாதம் 17 ரூபாய் கழிகிறது. மாதச் செலவுக்கு அந்தப் பணம் தேவையில்லை என்றால், காலாண்டு வட்டியாக மாற்ற முடியுமா என்று கிளையில் கேளுங்கள். அப்போது முழுதாக 8,750 ரூபாய் கிடைக்கும்.

கேள்வி: ஐந்தாண்டு வைப்பாக 7 சதவீதத்தில் நான்கு லட்சம் போட்டு இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு லட்சம் தேவை. நான்கு மாதத்தில் சீட்டுப் பணம் வந்துவிடும். வைப்பை முறித்துவிடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முறிக்காதீர்கள். முன்கூட்டியே முறித்தால் 7 சதவீதம் கிடைக்காது. நீங்கள் போட்ட நாளில் இரண்டாண்டு வைப்புக்கு என்ன விகிதம் இருந்ததோ அதுதான் கணக்கு. அதிலும் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வரை கழிக்கின்றன. அந்த விகிதம் 6.5 ஆக இருந்து ஒரு சதவீதம் கழித்தால் 5.5. இன்று சேர்ந்திருக்கும் 4,59,553 ரூபாய்க்குப் பதில் 4,46,177 ரூபாய்தான் கைக்கு வரும். இழப்பு 13,376 ரூபாய்.

அதே வைப்பை ஈடாகக் காட்டிக் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும். 8 சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு நான்கு மாத வட்டி 2,667 ரூபாய்; உங்கள் நான்கு லட்சமும் முன்போலவே வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். வரிச்சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு வைப்பாக இருந்தால் மட்டும் கடனும் கிடைக்காது, முறிக்கவும் இயலாது. ஆகையால் கிளைக்குப் போகும் முன் ரசீதை எடுத்து அது எந்த வகை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.