தட்டின் அடியில் ‘நிப்பான்’: சீனாவா, ஜப்பானா?

உங்கள் பாட்டியின் ஆறு பீங்கான் தட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றின் அடியில் ‘நிப்பான்’ என்ற முத்திரை இருக்கிறது, இவை சீனத்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘நிப்பான்’ என்பது கம்பெனிப் பெயர் இல்லை. ஜப்பானின் பெயரே அதுதான். ஆகவே முத்திரை அசல் என்றால், இந்தத் தட்டுகள் சீனத்தவை அல்ல. பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடையில் செய்தவை.

காரணம் அமெரிக்கச் சுங்கச் சட்டம். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891-இல் நடைமுறைக்கு வந்தது. 1921-இல், ‘நிப்பான்’ ஜப்பானியச் சொல், அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் வந்தவற்றில் ‘ஜப்பான்’ என்றே இருக்கும்.

ஒரு தட்டில் முத்திரையே இல்லை என்கிறீர்களே, அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே செட்டில் சிலவற்றுக்கு மட்டும் முத்திரை இருப்பது சகஜம்.

பூ வேலைப்பாட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு. தூரிகைத் தடம் தெரிந்து, இதழுக்கு இதழ் நிறம் கொஞ்சம் மாறினால் கையால் தீட்டியது.

ஒன்று மட்டும் கவனம்: இந்த முத்திரையைப் பின்னாளில் போலியாகவும் போட்டிருக்கிறார்கள். முத்திரையை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். தங்க விளிம்பைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம்; அந்த இயல்பான தேய்மானம்தான் தட்டின் வயதுக்கு ஒரு சாட்சி.