கோலாலம்பூரில் ஜெயித்த மறுநாள் பிறந்தவள்
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: போன மாதம் அப்பா காலமானார். வயது 91. ஹாக்கி, கிரிக்கெட், டென்னிஸ் என்று எதையும் விடமாட்டார். நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுதினால் 'அன்பானவர், பண்பானவர், விளையாட்டுப் பிரியர்' என்று இரங்கல் விளம்பரம் மாதிரியே வருகிறது. ஒரு யோசனை சொல்லுங்கள். அக்காவின் பிறந்தநாளைக் கேட்டால்கூட 'கோலாலம்பூர்ல நாம ஜெயிச்சதுக்கு மறுநாள்' என்பார், அப்படிப்பட்ட மனிதர்.
- ஒரு வாசகி

பதில்: அந்த மூன்று வார்த்தைகளையும் அடித்துவிடுங்கள். போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதில் ஆரம்பியுங்கள்.

கோலாலம்பூர் ஆட்டம் நடந்தது 1975 மார்ச் 15, சனிக்கிழமை. ஹாக்கி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம். வெற்றி கோலை அடித்தவர் ஹாக்கி மேதை தியான்சந்தின் மகன் அசோக் குமார். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது, அது கோலே இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடினார்கள், நடுவர் கோல் என்று சொல்லிவிட்டார். ஆண்கள் ஹாக்கியில் அந்தக் கோப்பையை நாம் வாங்கியது அந்த ஒரே முறைதான். ஆக உங்கள் அக்கா பிறந்தது ஞாயிற்றுக்கிழமை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே அது கோல்தான் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அப்பா வாதாடினாரா இல்லையா? அம்மாவைக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

விளையாட்டுப் பைத்தியங்களிடம் ஒரு வசதி உண்டு. வீட்டு நாட்குறிப்பை அவர்கள் ஆட்டங்களை வைத்தே எழுதிவைத்திருப்பார்கள், ஆட்டங்களின் தேதியோ அச்சில் இருக்கிறது, எங்கேயும் போகாது. 1980 ஜூலை 29, மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தது. 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம், 183 ரன்னை வைத்துக்கொண்டு வெஸ்ட் இண்டீஸை 43 ரன்னில் தோற்கடித்தது. 1984 ஆகஸ்டில் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டது. இந்த மாதிரி நாலைந்து தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரிடமும் காட்டி, 'அன்னிக்கு நம்ம வீட்டுல என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள். ஒருவருக்கு வீடு மாறியது ஞாபகம் வரும், ஒருவருக்குக் காய்ச்சலில் படுத்திருந்தது, இன்னொருவருக்கு அப்பா அழுததை முதல்முறை பார்த்தது. அதுதான் உங்கள் பேச்சு. அப்புறம், அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், விக்கெட் விழக்கூடாது என்று யாரை எழுந்திருக்கவே விடாமல் பிடித்து வைத்தார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்க முடியாமல் தவித்தது நீங்களேகூட இருக்கலாம்.

கேள்வி: கபில்தேவ் 175 அடித்ததை டி.வி.யில் பார்த்ததாகத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் டி.வி.யில் வரவே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அவரைப் பற்றிய கட்டுரையில் இதை எழுதலாமா, விட்டுவிடவா?
- ஒரு பேரன்

பதில்: விட்டுவிட்டால் தாத்தா கோபித்துக்கொள்வார்! 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், எதிரே ஜிம்பாப்வே. 9 ரன்னுக்கு 4 விக்கெட், 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து ஒரு மனிதர் 175 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்று அணியை 266-க்குக் கொண்டுபோனார், அதைப் பதிவு செய்ய டி.வி. கேமரா இல்லை. பேப்பரில் படித்தது, பேசிக் கேட்டது, ஒரு வாரம் கழித்து நடந்த இறுதியாட்டம் எல்லாம் 30, 40 வருடத்தில் ஒன்றோடொன்று கலந்து ஒரு படமாக ஓட ஆரம்பித்திருக்கும். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 'பார்த்ததாகச் சொல்வார்' என்று எழுதுங்கள், கேமரா இல்லாத விஷயத்தையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரை நினைத்துத்தான் சிரிப்பார்கள்.

ஆனால் 'மாநில அணிக்கு ஆடினார்', 'அந்த வருடம் கோல்கீப்பர் இவர்தான்' என்ற வகைச் செய்தி இருந்தால் சரிபார்க்காமல் போடாதீர்கள். அந்த இடத்தில் நிஜமாகவே ஆடிய இன்னொருவரின் பேரன் அதைப் படிக்கக்கூடும்.

கேள்வி: எல்லோரும் அப்பாவைப் புகழ்கிறார்கள். அம்மா மட்டும், 'மேட்ச் நாள்ல அந்த மனுஷன் வீட்டுல இருந்ததே இல்ல, இருந்தாலும் இல்லாத மாதிரிதான்' என்கிறார். இதையும் சொல்ல வேண்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அம்மாவுடையதுதான். ஒரு டெஸ்ட் ஐந்து நாள், அந்தக் காலத்தில் நடுவே ஓய்வு நாள் வேறு, ஆக ஆறு. ஒரு தொடருக்கு ஐந்து டெஸ்ட். அத்தனை நாளும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டை ஓட்டியவரை எந்த ஸ்கோர்கார்டிலும் எழுதுவதில்லை. அவரிடம் அனுமதி கேளுங்கள். சரி என்றால் அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல், நினைவுக் கூட்டத்தில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: அப்பா யாருக்காகவாவது பாதி ஆட்டத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போனதுண்டா? உண்டு என்றால் அந்த ஒரு சம்பவமே போதும், மற்ற புகழ்ச்சியெல்லாம் தேவைப்படாது. இல்லை என்றால் இல்லைதான், நீங்களாகக் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மாமா 50 வருடமாக வெட்டி ஒட்டிய விளையாட்டுச் செய்திகள் நாலு பெட்டி நிறைய இருக்கின்றன. லேமினேட் செய்துவிடலாமா?
- ஒரு மருமகன்

பதில்: வேண்டாம், செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. பத்திரிகைத் தாளில் உள்ள அமிலமே அதை மஞ்சளாக்கி நொறுக்கும், வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம். முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். குண்டூசி, கிளிப் இருந்தால் துரு பிடிக்கும், எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஓரத்தில் மாமா பேனாவால் ஏதாவது கிறுக்கியிருந்தால் அந்தத் தாள்களைத் தனியாக எடுத்துவையுங்கள். செய்தி நூலகத்தில் கிடைக்கும், கிறுக்கல் கிடைக்காது.

கேள்வி: தாத்தா 99 வயதில் போனார். கிரிக்கெட் என்றால் உயிர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் 'அடடா, ஒரு ரன்னில் சதம் போச்சே' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
- ஒரு பேத்தி

பதில்: 1948-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பிராட்மேன் கடைசியாக ஆட வந்தபோது 4 ரன் எடுத்திருந்தால் அவருடைய டெஸ்ட் சராசரி 100-ஐத் தொட்டிருக்கும். ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் போல்டு, ரன் 0, சராசரி 99.94-லேயே நின்றுவிட்டது. அதைக் குறை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. இவ்வளவு சொன்ன பிறகும் அடடா போடுகிறவர்களிடம், அந்த பிராட்மேனே 92 வயதில்தான் அவுட், எங்கள் தாத்தா அவரைவிட 7 கூடுதல் என்று சொல்லி அனுப்புங்கள்.