இடும்பன் என்று ஆண் குழந்தைக்குப் பெயர் வைப்பார்களா? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேட்டிருப்பவருக்கு முதல் குழந்தை, ஆண். மனைவியின் பாட்டி "இடும்பன் என்று வை" என்று பிடிவாதமாக நிற்கிறாராம். வீட்டில் மற்றவர்கள் "அசுரன் பெயராயிற்றே" என்று முகம் சுளிக்கிறார்களாம். இந்தப் பெயரை இன்னும் யாராவது வைக்கிறார்களா என்பது கேள்வி.

இன்னும் வைக்கிறார்களா என்பதற்குப் பிறகு வருகிறேன். வைத்தார்கள் என்பதற்கு நானே சாட்சி. என் பெயர் இடும்பன். பழனிமலையில் கீழ்மலைப் பகுதி, தாண்டிக்குடிக்குப் பக்கம். காப்பி, மிளகு, ஊடே முடிக்கொத்து நோய்க்குத் தப்பிய கொஞ்சம் மலைவாழை. ஐம்பதை நெருங்குகிறேன். இத்தனை வருடமாக இந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கதை. பழனித் தலபுராணம் சொல்வது இது. அகத்தியருக்குக் கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு குன்றுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பொதிகைக்குக் கொண்டுவர வேண்டும். சூரனோடு நடந்த போரில் தப்பிப் பிழைத்த இடும்பன் என்ற அசுரனிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறார். பிரமதண்டம் தோள்தடியாகிறது, பாம்புகள் உறிக்கயிறாகின்றன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குன்றைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு தெற்கே நடக்கிறான், கூடவே மனைவி இடும்பி. ஆவினன்குடியருகே களைத்துப்போய் இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் ஒரு குன்று அசைய மறுக்கிறது. ஏறிப் பார்த்தால் குராமரத்தடியில் கோவணத்தோடு ஒரு சிறுவன், கையில் தண்டம். "இறங்கு" என்கிறான் இடும்பன். "என் மலை" என்கிறான் சிறுவன். சண்டையில் இடும்பன் செத்து விழுகிறான்.

பெரும்பாலான அசுரக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடிவதில்லை. இடும்பி அழுகிறாள், அகத்தியரும் வந்து கெஞ்சுகிறார், முருகன் அவனை எழுப்பிவிடுகிறான். எழுந்தவன் தனக்கென்று கேட்டது வாசல் காவல் மட்டுமே. கூடவே இன்னொன்றும் கேட்டான்: தன்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களின் வேண்டுதலைக் கேட்டருள வேண்டும். காவடி அப்படித்தான் தொடங்கியது என்பது நம்பிக்கை. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவுதடிதான் காவடியாயிற்று என்பார்கள். இன்று பழனிக்கோயில் இருக்கும் குன்று சிவகிரி, எதிரே இருக்கும் இடும்பன்மலை சக்திகிரி. எங்கள் ஊர்க்காரர்கள் இதில் ஒரு பங்கு கேட்பார்கள். முருகன் முதலில் எங்கள் மலையில்தான் நின்றானாம், இடும்பன் கொண்டுவந்த குன்று பிடித்துப்போய் இங்கிருந்து தாண்டிக் குதித்தானாம், அதனால் இது தாண்டிக்குடியாம். ஊர்ப்பெருமை, விட்டுவிடுங்கள்.

இனி, எனக்கு ஏன் அந்தப் பெயர். எனக்கு முன்பு வீட்டில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒருவனுக்குப் பழனி, அடுத்தவனுக்குத் தண்டபாணி என்று பெயர். இருவரும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அப்பத்தா என் அப்பாவை அழைத்துக்கொண்டு பழனிக்குப் போனார். படியேறும் வழியில் பாதித் தொலைவில் இடும்பன் சந்நிதி இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது முறை. அப்பத்தா அதற்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. "மேலே இருப்பவன் பெயரை இரண்டு பேருக்கு வைத்தாயிற்று. இவன் செத்து எழுந்தவன். இவனிடம்தான் கேட்க வேண்டும்" என்றாராம். அப்பா மட்டும் மேலே போய்வந்தார். அப்பத்தா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்துக் கண்ணேற்றை ஏமாற்றும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் பெயர் அந்த வகை இல்லை. அது ஏமாற்று, இது மனு. நான் அறிந்த மற்ற இரண்டு இடும்பன்களின் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். உங்கள் மனைவியின் பாட்டி ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? அசுரன்மேல் ஆசைப்பட்டு யாரும் இந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பாரதத்திலும் ஒரு இடும்பன் உண்டு. காட்டில் பாண்டவர்களை எதிர்த்துப் பீமன் கையால் இறந்தவன். அவன் தங்கையைத்தான் பீமன் மணந்தான், கடோற்கசன் அவர்கள் மகன். வடமொழியில் ஹிடிம்பன், ஹிடிம்பி. தமிழில் இடிம்பன், இடும்பன் இரண்டும் வழங்குகின்றன. முத்துப்பேட்டைப் பக்கம் சம்பந்தர் பாடிய திருஇடும்பாவனத்தின் தலக்கதை இவனைச் சேர்ந்தது, நம் பழனிக்காரனை அல்ல. பாரதத்து இடும்பனை யாரும் எழுப்பவில்லை. அதோடு அங்கே இடும்பி தங்கை, இங்கே மனைவி. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு அதுவே போதும்.

இந்தக் குழப்பத்தால் எனக்கு ஒருமுறை மரியாதைகூடக் கிடைத்தது. தோட்டத்துக்குக் காப்பி வாங்க வந்த இமாச்சலக் குடும்பம் ஒன்று பெயரைக் கேட்டது. சொன்னேன். பெரியவர் சட்டென்று கைகூப்பினார். மணாலியில் ஹிடிம்பா தேவிக்குக் கோயில் இருக்கிறது. 1553இல் தேவதாரு மரத்தால் கட்டியது, குல்லு அரச வம்சத்தார் அவளைப் பாட்டியாகவே கொண்டாடுகிறார்கள் என்றெல்லாம் அவர் சொல்லித்தான் அன்று தெரிந்துகொண்டேன். நான் வேறு இடும்பன் என்று விளக்க எனக்கு இந்தி போதவில்லை. காப்பித்தூளில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

ஓசையைப் பார்த்தால் பெயர் ஹிடிம்பன் என்பதிலிருந்து வந்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் அதன் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு சொற்கள் உட்கார்ந்திருந்தன. இடும்பு என்றால் செருக்கு, முரண்டு. இடும்பை என்றால் துன்பம், வறுமை. பெயர் வந்து இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்பது என் கணக்கு. அதனால்தான் கேட்டவுடன் முரடன் நினைவு வருகிறது. பள்ளியில் தமிழாசிரியர் "இடும்பைக்கு இடும்பை படுப்பர்" குறளை நடத்தும்போதெல்லாம் என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். அது பரவாயில்லை, துன்பத்துக்கே துன்பம் கொடுப்பவன் என்று பெருமையாகப் பொருள் சொல்லிக்கொள்ளலாம். ஔவையாரின் "இடும்பைகூர் என் வயிறே" வந்த வருடம்தான் மோசம். மதியச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் வகுப்பே அந்த வரியைப் பாடியது.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கும் என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. என் வகுப்பில் பழனிச்சாமி மூவர், தண்டபாணி இருவர், வேலுச்சாமி ஒருவர், இடும்பன் நான் மட்டும். ஆனால் பெயர் அரிதாக இல்லாத இடம் ஒன்று உண்டு. ஒரு தைப்பூசத்தில் அடிவாரக் கூட்டத்தில் குடும்பத்தைத் தவறவிட்டுவிட்டேன். ஒலிபெருக்கியில் "இடும்பன் எங்கிருந்தாலும் வரவும்" என்று அறிவித்தார்கள். போய் நின்றால் எனக்கு முன்பே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மேலூர்ப் பக்கம், இன்னொருவர் ஒட்டன்சத்திரம். அவர்களைப் பற்றித்தான் மேலே சொன்னேன். மூவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். இருபது வயதில் ஒரு இடும்பனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வைக்கிறவர்களும் இப்போது இடும்பசாமி என்று நீட்டி மெருகேற்றிவிடுகிறார்கள்.

ஏன் குறைந்தது? "அசுரன் பெயர்" என்ற பேச்சு ஒரு காரணம். குழந்தைகள் இப்போது பெரும்பாலும் தங்கிவிடுகின்றன என்பது இன்னொன்று, அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாவதாக என் சொந்த ஊகம் ஒன்று உண்டு, சிரிக்காதீர்கள். பழனியில் 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப்கார் வந்தது. இரண்டும் கீழிருந்து நேராக உச்சிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. பாதிப்படியில் நிற்கும் இடும்பனுக்கு முன்னால் மூச்சு வாங்க உட்காருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கண்ணில் படாத சாமியின் பெயர் எப்படி வாயில் வரும்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசக் காவடிக்காரர்கள் இடும்பன் பூசையை விடாமல் செய்கிறார்கள் என்று கேள்வி. இங்கே அவன் இருக்கும் மலைக்கே ஏறாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

பெயரால் வாழ்க்கை கெட்டதா என்று கேட்டால், இல்லை. பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் மட்டும் ஒரு நொடி தயங்கினார். கூட இருந்த பெரியவர் "செத்துப் பிழைத்தவன் பெயரய்யா, உன் மகள் தாலிக்கு நல்லது" என்று முடித்துவைத்தார். இடும்பி பெற்றது தாலிப்பிச்சைதானே. என் மனைவிக்கு இந்தப் பெயரில் குறையே இல்லை. அவளைச் சிலர் விளையாட்டாக இடும்பி என்று கூப்பிடும்போது மட்டும் முறைப்பாள்.

என் மகனுக்கு இந்தப் பெயரை வைக்கவில்லை. அவன் நலமாகப் பிறந்தான், மனுவுக்கு அவசியம் வரவில்லை. ஆனாலும் முன்னெழுத்தாக அவனோடு இருக்கிறேன். தமிழில் "இ." என்று எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிலர் ஆங்கில எழுத்தைப் பார்த்து "ஐ." என்று எழுதிவிடுகிறார்கள், யாரோ ஐயப்பன் மகன் போல.

பாட்டி சொன்ன பெயரையே வைப்பது என்று முடிவு செய்தால், பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். 'டி'க்குப் பிறகு 'யு' இருக்க வேண்டும். என்னுடைய ஓர் ஆவணத்தில் அங்கே 'ஏ' விழுந்து நான் இடம்பன் ஆகிவிட்டேன். தோட்டத்துப் பத்திரத்தில் இருப்பவனும் நானும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வத்தலக்குண்டுக்கு நான்கு முறை பஸ் ஏறி இறங்கினேன்.